விசிலைக் கொஞ்சம் லேட்டா ஊதுங்க, சார்!

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸில் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். சனி, ஞாயிறில் மைதானத்தில் திட்டுவார்கள். ஒரே வித்தியாசம், மைதானத்தில் என் கழுத்தில் ஒரு விசில் தொங்கும்.

நான் கூடைப்பந்து ரெஃபரி. பெரிய ஆளெல்லாம் இல்லை, மாவட்ட அளவு. சின்ன வயசில் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க மாமா கூட்டிப் போனார். எல்லாப் பையன்களும் பந்து போடுகிறவனைப் பார்த்து வாய் பிளந்தபோது, நான் மட்டும் நடுவே ஓடிக்கொண்டிருந்த ரெஃபரியைப் பார்த்து வாய் பிளந்தேன். ஆறடி ஆறங்குல ஆசாமியை ஐந்தடி ஆசாமி ஒரு விரலை நீட்டி நிறுத்துகிறார் சார்! வேறு எந்த உத்தியோகத்தில் இது நடக்கும்?

பிறகு பரீட்சை எழுதி, பாஸாகி, சாம்பல் சட்டை, கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ சகிதம் முதல் நாள் வீட்டை விட்டுக் கிளம்பியபோது என் மனைவி கேட்டாள்: "என்னங்க, லிஃப்ட் ரிப்பேருக்கா?"

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபீஸில் நண்பர்கள் கேட்பார்கள், "ஆட்டத்துல எது சார் உங்களுக்கு ரொம்ப ஈஸி?" ரொம்ப நாள் நான் சொல்லிக்கொண்டிருந்த பதில்: "ஃப்ரீ த்ரோ." ஃபவுல் ஆனவன் கோட்டுக்குப் பின்னால் நின்று நிதானமாக ஒரு பந்து போடப் போகிறான். யாரும் ஓடவில்லை, இடிக்கவில்லை, விழவில்லை. ரெஃபரிக்கு மூச்சு வாங்கிக்கொள்ளக் கிடைக்கிற இடைவேளை. அப்படித்தான் 2014 வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், ஃப்ரீ த்ரோவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் முட்டாள்தனத்தின் முழு அளவு உங்களுக்குப் புரியாது.

பஸ் ஸ்டாண்டைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். பண்டிகை முந்தின நாள். பஸ் இன்னும் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் ஜனங்கள் கையில் கர்ச்சீஃபோடு ஜன்னலைக் குறி பார்த்து நிற்கிறார்கள். ஃப்ரீ த்ரோவின்போது ரிங்குக்குக் கீழே இருக்கிற கட்டத்தின் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அந்த ஜனங்கள்தான். எதிரணியில் மூன்று பேர், போடுகிறவன் அணியில் இரண்டு பேர். பந்து ரிங்கில் பட்டு வெளியே வந்தால் தாவிப் பிடிக்க வேண்டும். ஆனால் போடுகிறவன் கையை விட்டுப் பந்து கிளம்புகிற வரை யாரும் கட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் தூரத்தில், மூன்று பாயிண்ட் கோட்டுக்குப் பின்னால், அந்த த்ரோ முடிகிற வரை கம்மென்று நிற்க வேண்டும்.

போடுகிறவனுக்குத்தான் கெடுபிடி அதிகம். ரெஃபரி பந்தைக் கொடுத்ததிலிருந்து 5 செகண்டுக்குள் போட்டாக வேண்டும். பந்து ரிங்கைத் தொடும் வரையோ உள்ளே விழும் வரையோ கோட்டை மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாது. போடுகிற மாதிரி பாவ்லா காட்டி, மற்றவர்களை உள்ளே இழுக்கக் கூடாது. பந்து ரிங்கையே தொடாமல் காற்று வாங்கிக்கொண்டு போனாலும் குற்றம்தான். இவனை மட்டும் ஏன் இப்படிப் படுத்த வேண்டும் என்றால், ஆட்டத்திலேயே இவன் ஒருத்தனைத்தான் யாரும் தடுக்கக் கூடாது. அவ்வளவு சலுகை கொடுத்தால் நிபந்தனையும் இருக்கத்தானே செய்யும்? ஹவுஸிங் லோன் வாங்கியவர்களுக்குப் புரியும்.

அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் கொஞ்சம் தாராளம், 10 செகண்ட். அதையும் தாண்டிவிடுவார் யானிஸ் ஆன்டெட்டகூன்போ. 2021 ப்ளே-ஆஃப் ஆட்டங்களில் அவர் கோட்டில் வந்து நின்றால் எதிரணி ரசிகர்கள் ஸ்டேடியமே அதிர "ஒன்... டூ... த்ரீ..." என்று சத்தமாக எண்ணுவார்கள். அவருக்கு 10 செகண்ட் வயலேஷனும் கொடுத்தார்கள். மனுஷன் அதே வருஷம் ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் 19 ஃப்ரீ த்ரோவில் 17-ஐ உள்ளே போட்டு, மொத்தம் 50 பாயிண்ட் எடுத்து, கப்பைத் தூக்கிக்கொண்டு போனார். எண்ணினவர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்திருப்பார்கள்.

சரி, 2014.

பள்ளிக்கூடப் பையன்களின் மாவட்ட ஃபைனல். ஊர் பெயர் வேண்டாம். சிமென்ட் கோர்ட், ஒரு பக்கம் மூன்று படி கேலரி, கேலரிக்குப் பின்னால் சுண்டல் வண்டி. ஜெயிக்கிற டீம் அடுத்த கட்டத்துக்குப் போகும். அதில் ஆடிய சர்டிஃபிகேட் கையில் இருந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கேட்க ஒரு தைரியம். அந்தப் பையன்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு காகிதத்தை விட்டால் கல்லூரிக்கு வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஒரு பக்கம் பச்சை ஜெர்ஸி. பெரிய பள்ளிக்கூடம். கோச், துணை கோச், ஐஸ் பெட்டி சுமக்க ஓர் ஆள். இன்னொரு பக்கம் நீல ஜெர்ஸி. அரசுப் பள்ளி. பி.டி. மாஸ்டர் போஸ்ட் காலியாக இருந்ததால் கணக்கு வாத்தியார் கூட வந்திருந்தார். பாவம், அவருக்கு ஸ்கோரைக் கூட்டத் தெரியும், ரூல் தெரியாது.

ஆட்டம் முடிய 4 செகண்ட். 46-47. நீலம் ஒரு பாயிண்ட் பின்னால். நீல அணி கேப்டன், ஒன்பதாம் நம்பர், ஒல்லிக்குச்சிப் பையன், பந்தோடு உள்ளே புகுந்தவனைப் பச்சைக்காரன் கையில் அடித்துவிட்டான். ஃபவுல். இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதல் பந்து, சுத்தமாக உள்ளே. 47-47.

இரண்டாவது பந்துக்கு நான் ரிங்குக்குக் கீழே நின்று பந்தைத் தட்டிக் கொடுத்தேன். என் சக ரெஃபரி, என்னைவிட ஜூனியர், எதிரே தள்ளி நின்று செகண்ட் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நம்பர் மூச்சை இழுத்துவிட்டான். கை மேலே போயிற்று. பந்து இன்னும் விரலை விட்டுக் கிளம்பவில்லை, பச்சையின் பன்னிரண்டாம் நம்பர், நெட்டைக்கொக்கு, ஒரு முழு அடி கட்டத்துக்குள் வைத்துவிட்டான்.

பார்த்துவிட்டேன்! சார், ஒரு ரெஃபரிக்கு இதைவிட ஆனந்தம் கிடையாது. ஊரே பந்தைப் பார்க்கும்போது நான் காலைப் பார்த்தேன்! பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே விசிலை ஊதினேன் பாருங்கள், சுண்டல் வண்டிக்காரர்கூடத் திரும்பினார்.

பந்து உள்ளே விழுந்தது.

நீலப் பையன்கள் குதித்தார்கள். நான் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினேன். "நோ பாஸ்கெட்! வயலேஷன்! ரீ-த்ரோ!"

என் மண்டையில் ஓடிய கணக்கு இதுதான்: விசில் ஊதியாச்சு, பந்து செத்துப்போச்சு. செத்த பந்து உள்ளே போனால் என்ன, வெளியே போனால் என்ன? தப்பு பண்ணினவன் பச்சைக்காரன், அதனால் நீலத்துக்கு இன்னொரு சான்ஸ். நியாயம்தானே? நியாயவானாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாம் நம்பர் கிட்டே வந்தான். "சார், தப்பு அவங்களுதுங்களே சார்..."

"அதான்ப்பா உனக்கு மறுபடியும் தர்றேன். பேசினா டெக்னிக்கல் ஃபவுல் வரும்."

போனான். மறுபடி கோட்டில் நின்றான். இந்தத் தடவை கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. பந்து ரிங்கின் முன்பக்க விளிம்பில் பட்டு வெளியே வந்தது. பச்சைக்காரன் பிடித்தான். 4 செகண்ட் கரைந்தது. டை. ஓவர்டைம், 5 நிமிஷம்.

ஓவர்டைமுக்கு முன் 2 நிமிஷம் இடைவேளை. நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கேலரியிலிருந்து மாஸ்டர் இறங்கி வந்தார். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், எங்கள் மாவட்டத்தில் பாதி ரெஃபரிகளுக்கு ரூல் புத்தகத்தை உருப்போட வைத்தவர், நான் உள்பட. வேகவேகமாக வருகிறார். எனக்குப் புரிந்துவிட்டது: பாராட்ட வருகிறார்! 'டேய், காலைப் பார்த்தியேடா, சபாஷ்!' என்று சொல்லப் போகிறார். ஆட்டத்தின் நடுவே ரெஃபரி பார்வையாளர்களோடு பேசுவது மரியாதை இல்லையே? கையை உயர்த்தி, ரொம்ப கம்பீரமாக, "அப்புறம் பேசலாம் மாஸ்டர்" என்றேன்.

மாஸ்டர் அப்படியே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஓவர்டைமில் நீலம் 3 பாயிண்டில் தோற்றது. ஒன்பதாம் நம்பர் ஐந்தாவது ஃபவுலாகி வெளியே போனான். நான் ஸ்கோர் ஷீட்டைச் சரி பார்த்து, கடைசியில் என் கையெழுத்தை, ஆபீஸ் ஃபைலில் போடுவதைவிட அழகாக, போட்டேன். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் வந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"போட்டாச்சு மாஸ்டர்."

"அந்த ரெண்டாவது பந்து. உள்ள போச்சா, இல்லையா?"

"போச்சு மாஸ்டர். ஆனா..."

"கால் யாருது?"

"பச்சை. டிஃபென்ஸ்."

"போட்டவன் கால் கோட்டை மிதிச்சுதா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்குய்யா கேன்சல் பண்ணினே?"

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ரூல் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண் முன்னால் வந்து நின்றது. எத்தனை தடவை படித்த பக்கம்! மாஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "திருட வந்தவனைப் பிடிக்கிறேன்னு சொல்லி, வீட்டுக்காரன் பர்ஸைப் பிடுங்கிட்டியேடா" என்றார்.

ஆமாம் சார். ரூல் இவ்வளவுதான்: முதலில் பந்து உள்ளே போயிற்றா என்று பார். போயிற்று என்றால், போட்டவன் ஒழுங்காகப் போட்டானா என்று மட்டும் பார். அவன் தப்புப் பண்ணியிருந்தால் பாயிண்ட் கிடையாது. அவன் ஒழுங்காகப் போட்டிருந்தால் பாயிண்ட் உண்டு. மற்ற ஒன்பது பேரில் யார் கால் எங்கே போயிருந்தாலும் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. எதிரணிக்காரன் முந்தி நுழைந்தானா? நுழைந்தும் பிரயோஜனம் இல்லையே, பந்துதான் உள்ளே போய்விட்டதே! சொந்த டீம்காரன் நுழைந்தானா? அவனுக்கும் அதனால் லாபம் ஒன்றும் இல்லை.

பந்து உள்ளே போகவில்லை என்றால்தான் மற்றவர்கள் காலைப் பற்றிய பேச்சே. எதிரணிக்காரன் முந்தியிருந்தால் போட்டவனுக்கு இன்னொரு த்ரோ. போட்டவன் டீம்காரன் முந்தியிருந்தால், அது கடைசி த்ரோ என்கிற பட்சத்தில், பந்து எதிரணிக்கு. பக்கக் கோட்டிலிருந்து உள்ளே எறிவார்கள். இரண்டு பக்கமும் முந்தினால் ஜம்ப் பால் கணக்கு. மேஜையில் இருக்கிற அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அவர்களுக்குப் பந்து. எதிரணிக்காரன் போடுகிறவன் முன்னால் கையை ஆட்டிக் கவனத்தைக் கலைத்தாலும் இதே நியாயம்தான். பந்து போய்விட்டால் பாயிண்ட், போகாவிட்டால் மறு த்ரோ.

அதாவது, போட்டவன் தப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்ல, பந்து கீழே வருகிற வரை காத்திருக்க வேண்டும். ஒரு செகண்ட்கூட ஆகாது. அந்த ஒரு செகண்ட் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விசில் ஊதினால் பந்து செத்துப்போச்சு என்று நினைத்தேன் அல்லவா? ஃப்ரீ த்ரோ ஆகாயத்தில் இருக்கும்போது விசில் ஊதினாலும் அந்தப் பந்து சாகாது. உள்ளே விழுந்தால் செல்லும். அதாவது நான் அவசரப்பட்டு ஊதின பிறகும்கூட ரூல் புத்தகம் எனக்காகக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது.

அதையும் விட்டேனா? இரண்டாவது கதவும் இருந்தது. பாயிண்டைத் தப்பாகக் கேன்சல் பண்ணிவிட்டால் திருத்திக்கொள்ள ரெஃபரிக்கு ஒரு கெடு உண்டு. தப்பு நடந்த பிறகு கடிகாரம் ஓடி, அடுத்து பந்து நின்று, மறுபடி ஆட்டம் உயிர் பெறுகிற வரை. என் விஷயத்தில் அது எது தெரியுமா? ஓவர்டைமுக்கு முன்னால் இருந்த அந்த 2 நிமிஷம். மாஸ்டர் படியிறங்கி வந்த, நான் கையை உயர்த்தி நிறுத்திய, அதே 2 நிமிஷம்.

ஸ்கோர் ஷீட்டில் தோற்ற கேப்டன் ஆட்சேபித்துக் கையெழுத்துப் போட ஒரு கட்டம் உண்டு. பையனுக்கும் தெரியவில்லை, கணக்கு வாத்தியாருக்கும் தெரியவில்லை. நான் கையெழுத்துப் போட்டதோடு அந்த ஆட்டத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது. ரூலில் அப்படித்தான் இருக்கிறது. ராத்திரி தூக்கத்துக்கு ரூல் தெரியவில்லை.

என் சக ரெஃபரியைக் கேட்டேன், "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?" "நீங்க அவ்வளவு சத்தமா ஊதினீங்களே சார், தெரிஞ்சுதான் ஊதறீங்கன்னு நினைச்சேன்" என்றார். ஆபீஸிலும் பாருங்கள், சத்தமாகப் பேசுகிறவன் ஃபைலை யாரும் செக் பண்ணுவதில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. லீவு போட்டேன். காரணம் என்று 'வயிற்று வலி' எழுதினேன். பொய்யும் இல்லை. நடந்ததை அப்படியே எழுதிப் போட்டியை நடத்தியவர்களிடம் கொடுத்தேன். "கையெழுத்தானது ஆனதுதான் தம்பி. வெச்சுட்டுப் போங்க" என்றார்கள். ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒன்பதாம் நம்பரின் அப்பா டெய்லர். வீட்டு வாசலிலேயே மிஷின். பையன் பின்னால் பள்ளிக்கூட மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வலை இல்லாத ரிங். தனியாக நின்று ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தான். போட்டான், ஓடிப்போய் எடுத்தான், திரும்பக் கோட்டுக்கு வந்தான், போட்டான். என்னைப் பார்த்ததும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு "வணக்கம் சார்" என்றான். அந்த வணக்கத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நேத்து என்னாலதான் சார் டீம் தோத்துச்சு" என்றான். "நீங்க ரெண்டு சான்ஸ் குடுத்தீங்க. நான் விட்டுட்டேன்."

கோர்ட்டில் உட்கார வைத்துச் சொன்னேன். முதலில் போட்டதே செல்லும், கேன்சல் பண்ணினது என் தப்பு, இரண்டாவது த்ரோவே இருந்திருக்கக் கூடாது என்று. கேட்டுக்கொண்டே இருந்தான். சந்தோஷப்படுவான் என்று ஏனோ எதிர்பார்த்தேன். அவன் பந்தைத் தரையில் வைத்துவிட்டு, "இதை நேத்தே சொல்லியிருக்கலாம் சார்" என்றான். "நான் கேட்டேன்ல?"

கேட்டான்தான். டெக்னிக்கல் ஃபவுல் கொடுப்பேன் என்று மிரட்டினேன்.

வாசலில் அவன் அப்பா மிஷினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எம் பையன் ஜெயிச்சுட்டானுங்களா?" என்றார்.

"ஜெயிச்சுட்டாங்க. பேப்பர்லதான் இல்லீங்க."

"அதை எழுதித் தர முடியுமா சார்?"

கையில் இருந்த காப்பியைக் கொடுத்தேன். அதற்கு எந்தக் கல்லூரியிலும் மதிப்புக் கிடையாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் அதை நாலாக மடித்து, அளவு டேப் வைக்கிற டிராயரில் வைத்தார்.

பையனுக்குக் கேட்ட கல்லூரியில் சீட் கிடைக்கவில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். அந்த சர்டிஃபிகேட் இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று யார் சொல்ல முடியும்? இப்போது வேலையில் இருக்கிறான் என்று கேள்வி. எனக்கு ஒரு தடவைகூட போன் செய்ததில்லை. எதற்குச் செய்ய வேண்டும்?

நான் ரெஃபரி வேலையை விட்டுவிடுவதாக மாஸ்டரிடம் சொன்னேன். "விட்டா, அந்த ரூல் தெரிஞ்ச ஒருத்தன் குறைவான். இனிமே உனக்கு அது மறக்கவே மறக்காது, போய் ஊது" என்றார். "ஆனா கொஞ்சம் லேட்டா ஊது."

போன மாசம் பதினாலு வயசுப் பெண் குழந்தைகள் ஆட்டம். கடைசி ஃப்ரீ த்ரோ. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு போட்டது. எதிரணிக் குழந்தை ஒன்று அவசரத்தில் உள்ளே பாய்ந்துவிட்டது. விசில் என் பல்லுக்கு நடுவில். கையை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து ரிங்கின் மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று. கேலரியிலிருந்து ஒரு அப்பா, "யோவ் ரெஃபரி! கால் உள்ள வந்துச்சே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார்.

பந்து உள்ளே விழுந்தது. ஒரு விரலை இறக்கி ஒரு பாயிண்ட் என்று காட்டினேன். அந்த அப்பா இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அவர் எந்த டீம் குழந்தைக்கு அப்பா என்று பிறகுதான் தெரிந்தது. பாயிண்ட் எடுத்த குழந்தைக்கு!

ஆட்டம் முடிந்து ஸ்கோர் ஷீட் வந்தது. எப்போதும் செய்வதுபோல் கேலரியைத் திரும்பிப் பார்த்தேன். மாஸ்டருக்கு இப்போது முழங்கால் வலி, படியிறங்க நேரமாகும். அதனால் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருப்பேன். அவர் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை என்று தெரிந்த பிறகு பேனா மூடியைத் திறந்தேன்.